தெருவுக்கு ஒரு ஸ்கெல்பெக்

1

மகளின் பள்ளியிலிருந்து வந்த ஒரு வீட்டுப்பாடத்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாடம் ஒன்றும் பெரிதல்ல. உன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் வரலாற்றை எழுதி வகுப்பில் வந்து சொல். இங்கிலாந்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அரை நாள் வேலை. ஸ்மித் என்றால் கொல்லன், பேக்கர் என்றால் ரொட்டி சுட்டவன், முடிந்தது கதை.

என் மகள் பெயர் முல்லை. எங்கள் ஆற்றின் பெயரை வைத்தோம். பதினொரு வயதாகிறது. பள்ளிப் பதிவில் அவள் முல்லை ஸ்கெல்பெக். ஸ்கெல்பெக் என்பது என் பெயர். நான் அனுமந்தன்பட்டி முத்தையா மகன், மு. ஸ்கெல்பெக்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

மலைத் தண்ணீரைக் கிழக்கே திருப்பி வாய்க்கால்கள் வெட்டிய காலத்தில், எங்கள் பக்கத்துக் கிளை வாய்க்காலுக்கு அளவெடுக்க ஒரு வெள்ளைக்கார வாலிபர் வந்தாராம். வரைபடத்தில் வாய்க்கால் எங்கள் ஊர் மேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மேட்டில் தண்ணீர் ஏறாது என்று பெரிய அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். இவர் ஒரு வெயில் காலம் முழுக்க அந்த மேட்டைச் சுற்றி நடந்து, அதை வளைத்துப் போகிற மாதிரி வேறு கோடு போட்டார். அந்தக் கோட்டில்தான் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. அவர் காய்ச்சலில் செத்தார் என்பார்கள் சிலர், கப்பலேறிப் போனார் என்பார்கள் சிலர். பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஸ்கெல்பெக் துரை. எங்கள் வாயில் இஸ்கெல்பெக்கு.

ஜூன் மாதம் தண்ணீர் திறந்து, அது எங்கள் மடைக்கு வந்து சேரும் நாட்களில் பிறக்கிற ஆண் பிள்ளைக்குத் துரை பெயரை வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஜூனில் பிறக்கிறவர்களுக்கு ஊரில் பஞ்சமே கிடையாது. என் வகுப்பில் மூன்று பேர் இருந்தோம். மேலத்தெரு ஸ்கெல்பெக், கருத்த ஸ்கெல்பெக், நான். வாத்தியார் "ஸ்கெல்பெக், எந்திரிடா" என்றால் மூன்று பேரும் எழுந்து நிற்போம், மூன்று பேருக்கும் அடி விழும். கம்பத்தில் ஒரு ராவுத்தர் தன் வாழைக்காய் மண்டிக்கே அந்தப் பெயரை வைத்திருந்தார். அவர் வயலுக்கும் அதே தண்ணீர்தானே.

2

இங்கே வந்து இந்தப் பங்குனியோடு ஒன்பது வருடம் ஆகிறது. மதுரையில் நர்சிங் படித்துவிட்டுத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இங்கிலாந்துக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டாயிரத்தில் கிளம்பினோம், நான், என் மனைவி செல்வி, நடக்கப் பழகியிருந்த முல்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தபோது இனிஷியல் செல்லாது, விரித்து எழுதுங்கள் என்றார்கள். விரித்தோம். விரித்ததும் நாங்கள் மூன்று குடும்பமாகிப் போனோம். என் குடும்பப் பெயர் முத்தையா, செல்வியின் குடும்பப் பெயர் அவள் அப்பாவின் பெயரான ராஜாங்கம், முல்லையின் குடும்பப் பெயர் ஸ்கெல்பெக்.

லண்டன் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டார். பிள்ளையின் அப்பா மிஸ்டர் ஸ்கெல்பெக் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். நீங்கள் மிஸ்டர் முத்தையா அல்லவா என்றார். முத்தையா என் அப்பா என்றேன். அவர் எங்கே என்றார். அனுமந்தன்பட்டியில் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார் என்றேன். அவர் செல்வியை ஒரு பார்வை பார்த்தார். பெயர் வெள்ளைக்காரப் பெயர், பிள்ளையோ அச்சு அசலாக என் சாயல். மனிதர் என்ன நினைத்தாரோ, முத்திரையைக் குத்திவிட்டார்.

வெளியே வந்ததும் செல்வி கேட்டாள். "அவுக என்னைய ஏன் அப்படிப் பாத்தாக?"

"ஒன் புருசன் யாருன்னு கேட்டாக" என்றேன்.

"அத நீங்க அங்கனயே சொல்லித் தொலைய வேண்டியதுதான" என்றாள். அவளுக்கு அன்றிலிருந்து அந்தப் பெயர் மேல் ஒரு கோபம்.

பிறகு நாங்கள் குடியமர்ந்தது லிங்கன்ஷயரில் ஒரு சின்ன ஊர். தட்டையான நிலம். மேற்கே பார்த்தால் மலை இருக்க வேண்டும் என்று என் கண் இன்றும் தேடுகிறது. டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் மேற்கே திரும்புவேன். வானம்தான் இருக்கும். ஒன்பது வருடத்தில் இது பழகியிருக்க வேண்டும், பழகவில்லை.

3

பள்ளியில் முல்லையை மாலி என்கிறார்கள். முதலில் வாய் வராமல் அழைத்தது, பிறகு அவளே அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். மாலி ஸ்கெல்பெக். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இங்கே நூறு தலைமுறையாகப் பால் கறந்துகொண்டிருந்த குடும்பத்துப் பெண். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் என் அப்பாவோடு போனில் பேச வைப்போம்.

"ஆத்தா, நல்லாருக்கியா?"

"நல்லா இருக்கேன் தாத்தா. நீங்க?"

"இருக்கேன் ஆத்தா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அவ்வளவுதான். போன் என் கைக்கு வந்துவிடும். அப்பா ஒவ்வொரு முறையும் அதையே கேட்பார். "இந்தத் தடவ தண்ணி தொறக்கையில புள்ளையக் கூட்டிட்டு வருவியா?" போனை வைக்கையில், "வந்துருய்யா" என்பார். மடைக்குத் தண்ணீர் வரும்போது வாய்க்கால் ஓரத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பூ விடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து பூ விடப் பிள்ளை இல்லாமல் அப்பாவே விட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு வயதில் ஒரு முறை முல்லை வந்தாள். வந்த மறுநாளே வயிற்றுக்குச் சேராமல் உத்தமபாளையத்தில் டிரிப்ஸ் ஏற்றிப் படுத்துவிட்டாள், தண்ணீரைப் பார்க்கவேயில்லை.

இந்த வருடம் எப்படியும் கூட்டிப்போவது என்று இருந்தேன். மே கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை, கூட ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முல்லையிடம் சொன்னேன். விடுமுறைக்கு அடுத்த வாரம்தான் வகுப்பே கடற்கரை முகாமுக்குப் போகிறது, நான் வரவில்லை என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். திட்டுகிற பிள்ளையைச் சமாளிக்கலாம்.

நான் இதைக் கேட்ட வாரத்தில்தான் இந்த வீட்டுப்பாடம் வந்தது.

அவள் கணினியில் தேடினாள். குடும்பப் பெயர்களை ஊர் ஊராகப் புள்ளி வைத்துக் காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது. ஸ்மித் என்று போட்டால் நாடே கறுத்துவிடும். ஸ்கெல்பெக் என்று போட்டால் எங்கள் லிங்கன்ஷயரின் ஒரு மூலையில் கொஞ்சம் புள்ளி, தள்ளி ஒன்றிரண்டு. கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மிக அரிதான பெயர், அழிந்துகொண்டிருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது. என் வகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால் போதுமே.

ஒரு புள்ளி நாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே இருந்தது. யாரது என்று நான் கேட்டேன். "நான்தான்பா" என்றாள் முல்லை.

பெயரின் மூலத்தையும் அவளே கண்டுபிடித்தாள். வடகடல் தாண்டி வந்து இங்கே குடியேறியவர்களின் பழைய மொழியில் 'பெக்' என்றால் ஓடை. முன்பாதி, சத்தம் போடுவது. சத்தம் போடும் ஓடைக்கரையில் ஒரு கிராமம் இருந்து, பெயர் அதிலிருந்து வந்தது. ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டும் என்று நிலக்காரர் கிராமத்தைக் காலி செய்ய வைத்தாராம். இப்போது அங்கே ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி, 'என் குடும்பப் பெயர் லிங்கன்ஷயரில் மறைந்துபோன ஒரு கிராமத்திலிருந்து வந்தது.' கடைசி வரி வரை போய்ப் பார்த்தேன். வாய்க்கால் இல்லை, துரை இல்லை, தாத்தா இல்லை.

"அனுமந்தன்பட்டி எங்கே?" என்றேன்.

"பெயர் எங்கிருந்து வந்ததுன்னுதானே கேட்டிருக்காங்க. நான் பொய் எழுதலையே" என்றாள் இங்கிலீஷில்.

பொய் எழுதவில்லைதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கத்திவிட்டேன். செல்வி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"புள்ளையக் கொஞ்சம் விடுறீகளா? ஒங்க அய்யாவுக்கு வைக்க வேற பேரே கெடைக்கலையாக்கும்? நல்லா முருகன்னு வச்சிருந்தா இந்த வம்பே இல்லைல."

4

முல்லைக்கு என்மேல் கோபம், ஆனால் பாடத்தின் மேல் ஆசை போகவில்லை. டெலிபோன் டைரக்டரியில் ஒரு ஸ்கெல்பெக்கைக் கண்டுபிடித்தாள். பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் போகிற தூரம். செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் போட்டாள். "நான் மாலி ஸ்கெல்பெக்" என்றதும் மறுமுனையில் அந்த மனிதர் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னாராம். யார் மகள் என்று கேட்டிருக்கிறார். இவளும் விவரம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

வந்தார். எழுபது தாண்டியவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டுப் போட்டு, டை கட்டி, கையில் ஒரு கேக் டப்பா. வெகு காலமாகத் தொடர்பு விட்டுப்போன சொந்தத்தைப் பார்க்க வருகிற தோரணை. கதவைத் திறந்தது நான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. வீடு மாறி வந்துவிட்டேனோ என்றார். இல்லை, சரியான வீடுதான், நானும் ஸ்கெல்பெக்தான் என்றேன்.

எங்கள் வாய்க்கால் துரை கதையைச் சொல்லி முடிக்கையில் சோறு ஆறிவிட்டது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தன் குடும்பத்தில் இந்தியாவுக்குப் போனவர் என்று ஒருவரைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். "உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கும்?" என்றார்.

தெருவுக்கு ஒருவராவது இருப்பார் என்றேன். மேலத்தெரு ஸ்கெல்பெக் இப்போது ஜீப் ஓட்டுகிறான், கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போவான் என்றேன். கருத்த ஸ்கெல்பெக் குச்சனூர் கோயில் வாசலில் கடை வைத்திருக்கிறான் என்றேன். வாழைக்காய் மண்டியைச் சொன்னபோது மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

தங்களுக்குப் பிள்ளை இல்லை, மனைவி போய் நாலைந்து வருடம் ஆகிறது, அண்ணன் வீட்டில் எல்லாம் பெண்கள், கல்யாணமாகிப் பெயர் மாறிவிட்டார்கள் என்றார். "எங்கள் பெயர் என்னோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன்" என்றார். பிறகு முல்லையைப் பார்த்து, "கல்யாணம் ஆனாலும் நீ பெயரை மாற்றிவிடாதே" என்றார். முல்லை மாற்ற மாட்டேன் என்று தலையாட்டினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். எங்களில் அப்பா பெயர் ஒரே ஒரு தலைமுறைக்குப் பிள்ளை பெயருக்கு முன்னால் வந்து நிற்கும், அடுத்த தலைமுறையில் போய்விடும், என் அப்பாவின் பெயர் இவள் பெயரில் இல்லை, அதுபோல என் பெயரும் இவள் பிள்ளைகளின் பெயரில் இருக்காது என்றேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இவள் எங்கள் வழக்கப்படி நடந்தால்தான் உங்கள் பெயர் மிஞ்சும்" என்றார். அந்த மனிதருக்கு வஞ்சகமே கிடையாது. நான் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினேன்.

"என்னங்க சொல்றாக?" என்றாள் செல்வி.

"ஒன்னுமில்ல. குழம்பு நல்லாருக்காம்."

"காரமா இருக்கும், மோர ஊத்திக்கிறச் சொல்லுங்க" என்றாள்.

5

அடுத்த சனிக்கிழமை அவர் எங்களை அந்த இடத்துக்கு அழைத்துப் போனார். தன் காரில், பஸ் ஓட்டுகிற நிதானத்தில் ஓட்டினார். மண் ரோட்டில் இறங்கி வேலிக்கதவைத் திறந்தால் ஒரு கோதுமை வயல், அதற்கு அப்பால் புல்வெளி. புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாக இருந்தது. இது தெரு, இது வீடுகள், இது கோயில் இருந்த இடம் என்று காட்டினார். தெரு என்று சொல்லாவிட்டால் தெருவென்று தெரியாது. கீழே ஓடை ஓடியது. அதற்குப் பெரிய சத்தம் இல்லை, எங்கள் வாய்க்காலில் பாதி அகலம் வரும்.

நான் ஒன்று கேட்டேன். கிராமத்தில் எல்லோரும் ஸ்கெல்பெக்குகளா என்று.

இல்லை என்றார். இங்கே இருந்தவரை யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. எல்லோரும் இதே ஊர்க்காரர்கள், பிறகு ஊர்ப் பெயரைச் சொல்லி யாரை யார் கூப்பிடுவது? யாரோ ஒருவன் பிழைக்க வேறு ஊருக்குப் போயிருக்கிறான். அங்கேதான் அவனை ஸ்கெல்பெக்கிலிருந்து வந்தவன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். விட்டுப் போனவனுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்றார்.

மதுரையில் படிக்கும்போது ஹாஸ்டலில் எனக்குக் கம்பத்தான் என்று பெயர். கம்பம் எங்கள் ஊரே இல்லை, பக்கத்து டவுன். மதுரைக்காரர்களுக்கு அந்த அடையாளம் போதும். தேனிக்கு வேலைக்கு வந்த பிறகுகூட அந்தப் பெயர் என்னை விட்டுப் போக ரொம்ப நாள் ஆனது. அந்தப் புல்வெளியில் நிற்கையில், யார் என்றே தெரியாத, எப்போதோ செத்துப்போன அந்த முதல் ஆளை நினைத்துக்கொண்டேன். வேறு ஊர்ச் சந்தையில் முதல்முறை அந்தப் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முல்லை ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கிவிட்டாள். நல்ல குளிர். கணுக்கால் சிவந்துவிட்டது. ஏறு என்றால் ஏறவில்லை. கரையில் மஞ்சளாகப் பூத்திருந்த எதையோ பறித்துத் தண்ணீரில் விட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது போவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்.

"அப்பா, இது நம்ம ஊரு."

தமிழில் சொன்னாள். பதினொரு வயது வரை அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. எத்தனையோ முறை நான் சொல்லிக் கொடுத்த சொல் அது. அனுமந்தன்பட்டிப் போட்டோக்களைக் காட்டி, இது நம்ம ஊரு, சொல்லு என்பேன், சொல்ல மாட்டாள். அதை இவ்வளவு காலம் உள்ளேயே வைத்திருந்து இங்கே கொண்டுவந்து எடுத்திருக்கிறாள். அந்தப் பெரியவருக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

வீட்டுப்பாடத்தை அவள் திருத்தி எழுதினாள். வாய்க்காலுக்கும் தாத்தாவுக்குமாக மூன்று வரி சேர்த்திருந்தாள். எனக்காகச் சேர்த்தது என்று தெரிந்தது. வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்களாம். கடற்கரை முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே வெயில் இறங்குகிற நேரம். அப்பா களத்தில் இருந்தார், பின்னால் மாட்டுச் சத்தம் கேட்டது. துரை வம்சத்து ஆளைப் பார்த்தேன் என்றதும், "எப்படி இருக்காக? நல்ல தெம்பா இருக்காகளா?" என்று விசாரித்தார். சோறு போட்டீர்களா என்று கேட்டார். போட்டோம் என்றேன். அதில் அவருக்குத் திருப்தி.

"அவுக ஊர்ல தண்ணி இருக்காய்யா?"

"ஒரு ஓடை இருக்குப்பா."

"என்ன போட்டிருக்காக?"

"கோதுமை."

"நெல்லு வராதாக்கும்" என்றார். பிறகு, "புள்ள வாராளா?" என்றார்.

இந்தத் தடவை முடியாது, பள்ளியில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முல்லை ஓடையில் இறங்கியதையும், பூ விட்டதையும், சொன்னதையும் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, செல்வியிடம்கூடச் சொல்லவில்லை.

லைன் போய்விட்டதோ என்று அலோ என்றேன்.

"இருக்கேன்யா" என்றார். "அவளுக்கு ஒரு ஊரு அமைஞ்சுபோச்சு. நல்லதுதான். அங்கனயே பொறந்து வளந்த புள்ள மாதிரித்தான, அப்படித்தான் இருக்கும். அவள வையாத."

"வையலப்பா."

"நீ எந்த ஊருய்யா இப்ப?"

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறவனிடம் கேட்கிற கேள்வி. அவர் வருத்தமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அனுமந்தன்பட்டிதாம்ப்பா" என்றேன்.

"அப்ப தண்ணி தொறக்கையில நீ மட்டுமாச்சும் வந்துட்டுப் போய்யா" என்றார்.

இத்தனை வருடமும் அவர் 'வந்துருய்யா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.